பேண்டேஜ் துணியில் பாசி

எண்பதுகளில், தாவரவியல் படிப்புக்காக, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாயில் மிதக்கும் நுண்பாசிகள் கோடைக்கும் மழைக்கும் எப்படி மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை அரித்தெடுக்கும் வலை கிடைக்கவில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிக்குப் போகும் அக்கா, அந்தத் துணியை நாலாக மடித்துப் பை தைத்துத் தந்தாள்.

"ஏட்டி, ரத்தத்தையே நிப்பாட்டுத துணி இது. பாசிய விட்டுருமா?"

கோடையில் பாசி கொத்துக் கொத்தாக ஒட்டி, பையெல்லாம் பச்சை. ஐப்பசி மழைக்குப் பிறகு வெறும் பஞ்சிழைதான் சிக்கியது.

"மழைக்குப் பாசி இல்லன்னு எழுதிட்டுப் போ," என்றாள் அக்கா.

எரிச்சலில், பையிலிருந்து வடிந்த தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். படகு வடிவிலும் நட்சத்திர வடிவிலும் நுண்பாசிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அத்தனையும் துணியின் கண்ணுக்குள் நுழைந்து தப்பியவை.

பையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைத் துவைத்துக் காபி வடிகட்டினாள். நாலு மடிப்பையும் தாண்டி, தூள் என் டம்ளருக்கு வந்து சேர்ந்தது.