காய்ச்சல் வரட்டும்

திண்டிவனத்தில் கொசுப்புழு பார்க்கும் வேலை எனக்கு. தினக்கூலி. வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டாவது வரை படித்தது அதற்குத்தான் உதவியது.

எங்களை யாருக்கும் பிடிக்காது. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைக் கொட்டினால் யாருக்குப் பிடிக்கும்? ஏரிக்கரைத் தெருவில் ஒருத்தி, பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிரம்மை மறித்து நிற்பாள்.

“தண்ணி இன்னா உங்கப்பன் ஊட்லேர்ந்து வருதா?”

“புழு நெளியுதுக்கா.”

“எங்க ஊட்டுப் புழு. நாங்க வளத்துக்கினு போறோம். உனுக்கு இன்னா பேஜாரு?”

கொட்டுவேன். வாரம் தவறாமல் ஏச்சு வாங்கிக் கொட்டினேன். இரண்டு மழைக்காலம் அந்தத் தெருவில் டெங்கு இல்லை.

இல்லாததால் வேலை போனது. மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

“ஊர்ல காய்ச்சலே இல்ல. இத்தினி பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. பாதி பேர் வேலையிலேர்ந்து நின்னுக்குங்க.”

“நாங்க கொட்டனதாலதான் சார் இல்ல.”

“வராத காய்ச்சல நான் எங்கேம்மா எழுதிக் காட்டறது? வரட்டும், கூப்புடறேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வாயை இன்றும் பார்க்கப் பிடிக்காது.

மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கப் போனேன். அது முடிந்ததும் வேலை இல்லை. மழை பெய்த நாளெல்லாம், காய்ச்சல் வரட்டும் என்று நானும் நினைத்தேன்.

வந்தது. கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி தெருத்தெருவாகச் சுற்றியது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தனி வார்டு போட்டார்கள். எங்கள் கூலிக்கு இல்லாத காசு இதற்கெல்லாம் இருந்தது. எனக்கும் போன் வந்தது. “ஜல்தி வாம்மா.”

அதே தெருவுக்கு அனுப்பினார்கள். டிரம்மை மறித்தவளின் குழந்தை அந்த வார்டில். மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தாள்.

“இத்தினி மாசமா எங்கடி போன? நீ வந்துகினு இருந்த வரிக்கும் ஒண்ணும் இல்லியே.”

“வேலைய விட்டு நிறுத்திட்டாங்கக்கா. பாப்பா எப்படி இருக்கு?”

“பிளேட்லெட்டு ஏறலையாம்.”

டார்ச் அடித்தேன். டிரம் முழுக்கப் புழு. மறுபக்கத்தை அவளே வந்து பிடித்தாள். கவிழ்த்தோம்.

அட்டையில் பழைய தேதிக்கு அடுத்த கட்டத்திலேயே புதுத் தேதி எழுதினேன். நடுவில் போன மாதங்களுக்கு அதில் இடமில்லை. மழை நாளில் நான் நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.