எகிப்து வாரம்

என் அக்காவுக்குப் புற்றுநோய் என்று எனக்குச் சொன்னவர் அத்தான். அதையும் பக்குவமாகச் சொல்ல வரவில்லை அவர். என்னோடு சண்டை போட வந்த இடத்தில், சண்டையில் ஜெயிப்பதற்காகச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் உண்டு என்று என் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு மலரில் நோய்களைப் பற்றி எளிமையாக எழுதிவந்தேன். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதியபோது நல்ல வரவேற்பு. அடுத்து புற்றுநோயின் வரலாறு என்றதும் பத்திரிகை ஆசிரியர் வேப்பெண்ணெய் குடித்தவர்போல் முகத்தைச் சுளித்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கெழம காலைல சனங்க பசியாறிக்கிட்டே படிக்கிற பேப்பரு. தோசைய வாயில வச்சுக்கிட்டு இதப் படிப்பாங்களா? வேணாம் லா."

"படிப்பாங்க. வீட்டுக்கு ஒருத்தர் இதுல போயிருக்காங்க. வயித்துப் புண்ணுன்னு சொல்லி எரிச்சிட்டு வந்திருக்காங்க. அவ்வளவுதான்."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தலைப்பில் நோயின் பெயர் வரக்கூடாது. 'ஒரு பழைய நோயின் கதை' என்று போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். பெயரைச் சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிற சனத்துக்குத்தான் இதை எழுதுகிறேன், தலைப்பிலேயே சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பொதுவாசகர், பொதுவாசகர் என்கிறார்களே, எனக்கு அந்தப் பொதுவாசகர் என் அக்காதான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கிள்ளானில் கல்யாணமாகி அங்கேயே இருந்தாள். பேப்பர் வந்தால் மரண அறிவித்தலில் தொடங்கி அச்சகத்தின் முகவரிவரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். இனிப்புநீர்க் கட்டுரை வந்த வாரங்களில் திங்கட்கிழமை தவறாமல் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, "கணையம் கணையம்னு எழுதுறியே, அது எங்கடி இருக்கு?" என்று என் மானத்தை வாங்குவாள். அவளுக்குப் புரியும்வரை திருத்தி எழுதப் பழகினேன். எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான்.

முதல் வாரம் எகிப்து. அங்கே ஒரு பழைய வைத்தியர் வெட்டுக்காயம், எலும்பு முறிவு என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டே வருகிறார். மார்பில் கெட்டியாகப் பரவிய கட்டி என்ற இடம் வந்ததும், இதற்கு மருந்து இல்லை என்று முடித்துவிடுகிறார். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டாம் வாரம், இந்த நோய்க்கு நண்டின் பெயரை வைத்த கிரேக்கர்கள். மூன்றாம் வாரம், உடம்பில் கறுப்புப் பித்தம் தேங்கித்தான் இது வருகிறது என்று நூற்றாண்டு நூற்றாண்டாக ஒரே பொய்யை ஒப்பித்த மகா பண்டிதர்கள். நான்காம் வாரம் கத்தி. மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், விழித்திருக்கும்போதே மார்பை அறுத்துக்கொண்ட ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் கதை.

நான்கு வாரமும் அக்கா போன் செய்யவில்லை. எழுத்து சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தான் வந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை அவருக்கு. சட்டை கசங்காத மனிதர். நான் கலக்கிக் கொடுத்த மைலோவைத் தொடவில்லை.

"நீ எழுதுறத நிறுத்து."

"ஏன்? உங்க பேரையா எழுதுறேன்?"

"உங்க அக்காவுக்கு அதுதான் வந்திருக்கு."

கிளினிக்கில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல நோயாளியை உள்ளேயே உட்காரவைத்து, புருஷனை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். வியாதி அக்காவுடையது, செய்தி அத்தானுடையது. அத்தான் அதை எடுத்துக்கொண்டு நேராகத் தன் அக்காவிடம் போனார். அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தையில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் காஜாங்கில் கௌரவமான குடும்பம். பெண்ணைப் பெற்றவளுக்கு இந்த நோய் என்று தெரிந்தால், ரத்தத்தில் ஓடுகிற வியாதி என்று அத்தோடு நிறுத்திவிடுவார்கள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் அக்காவிடம், மார்பில் இருப்பது வெறும் பால்கட்டி என்று சொல்லிவைப்பது.

ஐம்பதை எட்டப்போகிறவளுக்குப் பால்கட்டியாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என்ன சிரிப்பு என்று கேட்காதீர்கள். தடவுவதற்குச் சீன மருந்துக்கடை எண்ணெய் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இது தைக்கும் மாசிக்கும் காத்திருக்காது அத்தான்."

"நீ என்ன டாக்டரா? கதை எழுதுறவ." சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து மேசையில் போட்டார். என் நான்கு கட்டுரைகள், ஓரம் பிசகாமல் கத்தரித்தவை. "வாரா வாரம் அவ எந்திரிக்கிறதுக்கு முன்னால வெட்டி எடுத்துடறேன். எத்தன வாரத்துக்கு வெட்டுறது?"

பக்கத்தையே உருவி எறிந்திருக்கலாம் இல்லையா? மாட்டார். அதே தாளில் நாலு நம்பர் லாட்டரி முடிவுகள் வரும். அவருக்கு அது வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கிள்ளான் பஸ் ஏறினேன். அக்கா சமையலறையில் ஒரு கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"உங்க அத்தான் பேப்பர்ல ஓட்டை போடுறாருடி."

வரி விடாமல் படிக்கிறவள் கையில் நடுவில் சன்னல் வெட்டிய பேப்பரைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் இருப்பாள் என்று நம்பியிருக்கிறார் மனிதர். அவள் முதல் ஞாயிறே பக்கத்து வீட்டு பேப்பரை வாங்கி, அந்தச் சன்னலில் என்ன இருந்ததோ அதை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு எண்ணெய் தடவும்போது கையில் பட்டது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அந்த வெள்ளக்காரி மூஞ்சில கைக்குட்டையப் போட்டுக்கிட்டு கத்திக்குப் படுத்தாளே, அதப் படிச்சுட்டு அழுதேன். அவளும் அவ அக்காவுக்குத்தான் எழுதிச் சொன்னா, இல்ல?"

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன் கதையில நான் எந்த வாரம்?"

"என்னக்கா?"

"எகிப்துல மருந்து இல்லன்னுட்டாங்க. அப்புறம் கத்தி வந்துச்சு. இனிமே மயக்க மருந்து வரும், அது இதுன்னு எழுதுவ. நான் எங்க நிக்கிறேன்? அதச் சொல்லு."

"நீ கடைசி வாரம்க்கா. மயக்கம் கொடுத்து ஆபரேஷன் பண்ணுவாங்க, கரண்டு வைப்பாங்க. எல்லாம் இங்கேயே இருக்கு. இப்பப் போனா."

"தை வரைக்கும் தாங்குமா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அது யாருக்காகவும் காத்திருந்ததா நான் எங்கயும் படிக்கல."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே கல்யாணச் சேலைகளை விரித்துப்போட்டு அத்தானும் அவருடைய அக்காவும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கேன்சர். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அத்தான் சுவரைப் பார்த்தார். அவருடைய அக்கா எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம்! அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"மார அறுத்துக்கிட்டு கல்யாணத்துல எப்படி வந்து நிப்ப? நாலு பேரு கேட்டா என்னா சொல்றது? பெத்த பொண்ணு கல்யாணத்த விட ஒனக்கு ஒன் உசுரு பெருசா போச்சா?"

"ஆமா, பெருசுதான்! உங்க உசுரா போகுது?" என்று நான் பாய்ந்தேன். அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றுவரை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. புருஷனையும் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் படித்தவள், பேங்கில் வேலை பார்த்தவள், அம்மா செல்லம். சேலையின் குஞ்சத்தை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

"தை வரைக்கும்தானேம்மா. கொஞ்ச நாள்தானே. அப்புறம் நானே உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்பாகத்தான் சொன்னாள், பாவி. அக்கா, "சரிம்மா" என்றாள். கீழே உட்கார்ந்து ஒரு கையால் சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். காஜாங்குக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் உடைத்துச் சொல்லிவிட்டு வருகிறேன், நின்றால் நிற்கட்டும் இந்தக் கல்யாணம் என்று கிளம்பினேன். அக்கா வாசல் கேட் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீ போய்ச் சொன்னா அவங்க நிறுத்திடுவாங்க. நானும் பொழச்சுக்குவேன்னே வச்சுக்க. பொழச்சு வந்து, எம்பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்த வீட்டுல எப்படிடி ஒக்காந்திருப்பேன்? அவ வாயால சொல்லிட்டா. விடு."

நான் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டேன்.

தொடர் ஓடியது. மயக்க மருந்து வந்தது. நோயாளி தூங்குகிறாள் என்ற தைரியத்தில் மார்போடு தசையையும் சேர்த்துத் தோண்டி எடுத்த வீரர்கள் வந்தார்கள். கதிர் வந்தது. அத்தான் இப்போது வெட்டுவதை விட்டுவிட்டார், பேப்பர் முழுசாகவே அக்கா கைக்குப் போனது. கடைசி வாரத்தை நம்பிக்கையாக முடிக்கச் சொன்னார் ஆசிரியர். முடித்தேன். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டால் இன்று பிழைக்க வழி இருக்கிறது என்று எழுதினேன். உண்மைதான், அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கல்யாணத்துக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அந்தப் புழுக்கத்தில் அக்கா முழங்கைக்குக் கீழ் இறங்கிய பட்டு ரவிக்கை போட்டுக்கொண்டு, பஞ்சை அடுக்கடுக்காக உள்ளே வைத்துக் கட்டி நின்றாள். கட்டி உடைந்துவிட்டிருந்தது. வாடை வெளியே தெரியாமலிருக்கச் சந்தனத்தைப் பூசிப் பூசி, வாசனைச் செண்டையும் கொட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "சம்பந்தியம்மா என்னா செண்டு போட்டிருக்காங்க? ரொம்ப வாசமா இருக்கே, எங்க வாங்குனாங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்த அம்மாளின் மேல் கோபம் வரவில்லை. அவளுக்குத் தெரியாது.

தை முடிந்து, மறுவீட்டு விருந்தெல்லாம் ஓரளவு ஓய்ந்த பிறகு அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தது அத்தானும் நானும். நானே கூட்டிட்டுப் போறேன் என்று சொன்ன மகளுக்கு அன்றைக்கு மாமியார் வீட்டில் பூசை.

டாக்டர் ஓர் இளம் சீனர். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "போன வாரம்தான் எங்களுக்கே தெரியும், டாக்டர்" என்று அத்தான் கண் இமைக்காமல் சொன்னார். டாக்டர் எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது, இனி அறுப்பதற்கு ஒன்றும் இல்லை, வலிக்கு மாத்திரையும் கட்டுப்போட மருந்தும் தருகிறேன் என்றார்.

உள்ளே அக்கா ரவிக்கைக் கொக்கிகளை ஒரு கையால் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லையாம். மாத்திர குடுத்திருக்காங்க, சாப்ட்டா ஆறிடுமாம்" என்றார் அத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எந்த வாரம்டி?"

"எகிப்துக்கா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். கடைசிக் கொக்கியை மாட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தானைப் பார்த்தாள்.

"வெரசா வாங்க. ராத்திரி பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வர்றாங்க. போற வழியில பாசார்ல கோழி வாங்கணும்."