அசையாதே என்று சொல்லாத வாத்தியார்

சிரில் வாத்தியாரின் ஓவிய வகுப்பா, சந்தைக்கடையா என்று எனக்கே சந்தேகம் வரும். ஒருத்தன் மேசைமேல் ஏறுவான், ஒருத்தி ஜன்னலில் தொங்குவாள். அவர்பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பார். பக்கத்து அறைதான் பள்ளிச் சமையலறை. அந்தக் கூச்சலுக்கு நடுவேதான் இத்தனை வருஷமும் கூழ் கிண்டினேன்.

ஒருநாள் தலைநகர் லுப்லியானாவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். "ஏன் தோழர், முகம் வரையும்போதாவது பிள்ளைங்கள ஆடாம உக்காரச் சொல்லக்கூடாதா?"

"ஆடுறதைத்தான் வரையணும் தோழர்" என்றார் வாத்தியார்.

"அடேயப்பா, ரொம்ப நவீனம்!" என்று சிரித்தார் அந்த ஆள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், வேலை போய்விடும். அந்த ஆளுக்கு மட்டும் சூப்பை நன்றாக ஆறவைத்துக் கொடுத்தேன்.

வாத்தியார் மாரிபோர் நகரத்துக்காரர். எங்கள் செர்க்னிட்சா ஏரியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மழைக்கு வரும், வெயிலுக்கு அடியிலுள்ள பொந்துகள் வழியே இறங்கிப் போய்விடும். சில குளிர்காலத்தில் மேலே உறைந்தபிறகு கீழே தண்ணீர் நழுவிவிடும். பனிக்கட்டி மட்டும் கூரைபோல நிற்கும். அதன்மேல் ஓடினாலும் ஓடலாம், ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. எங்கள் ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரிந்த விஷயம் இது.

அவர் குடிவந்த முதல் குளிர்காலம். மகள் நேஷ்காவுக்கு ஏழு வயது. கழுத்தில் சிவப்புத் துணி பறக்க ஏரியில் சறுக்கி விளையாடினாள். கரையில் அப்பா வரைந்துகொண்டிருந்தார்.

"கண்ணு, கொஞ்சம் அசையாம நில்லு. அந்தச் சிவப்பைப் பிடிச்சுக்கிறேன்."

சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. நின்றாள்.

சிவப்புத் துணியை வரைந்து முடித்தார். முகத்துக்கு வருவதற்குள் பனி உடைந்துவிட்டது. அடப்பாவமே, அந்தக் குழந்தையை உயிரில்லாமல்தான் தூக்கினோம்.

அதற்குப் பிறகு அவருக்குக் கண்காட்சிகள், பரிசுகள் எல்லாம் வந்தன. அந்தப் படத்தை மட்டும் அவர் தொடவேயில்லை. மனைவி இவாங்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். "எம்பொண்ண இப்படி மூஞ்சியில்லாம மாட்டி வச்சிருக்கியே, உனக்கே அடுக்குமா?" என்பாள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அவர் ஓய்வுபெற்ற வருஷம் இவாங்கா படுத்த படுக்கையானாள். ஒரு காலையில் நான் சூப் கொண்டுபோனபோது அந்தப் படத்தைக் கட்டிலருகே எடுத்துவரச் சொல்லியிருந்தாள்.

"அவளுக்கு என் கண்ணு, என் தாவாக்கட்டை. பாத்து வரை சிரில். நான் போயிட்டா யார் மூஞ்சியப் பாத்து வரைவே?"

"வேண்டாம்டி. என்னால முடியாது."

"நான் அசையவே மாட்டேன். நீ சொல்லக்கூட வேணாம்."

அழுதுகொண்டே தூரிகையை எடுத்தார். கண்ணை வரைந்தார், தாவாக்கட்டையை வரைந்தார், ஒவ்வொன்றுக்கும் அவளைப் பார்த்துப் பார்த்து. உதட்டுக்கு வந்தபோது நிமிரவேயில்லை. மகளின் சிரிப்பு அவருக்கு மனப்பாடம்.

கடைசியில் படத்தை அவள் பக்கம் திருப்பினார். அதே நேஷ்கா, முன்பல் விழுந்த சிரிப்போடு.

"முடிஞ்சுது இவாங்கா. இப்ப அசையலாம்."

நான் அவளைப் பார்த்தேன். சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அசையலாம்னு சொல்றேன்ல" என்றார் அவர். "அசைடி."