சித்தி வீட்டு கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டரில் படம் சரியாக வரவில்லை என்று யாராவது புலம்பினால் எனக்கு இப்போதும் கழுத்து வலிக்கிறது. சின்ன வயதில் ஒரு மே மாத விடுமுறை முழுவதும் வேலம்பாளையத்தில் சித்தி வீட்டில் அண்ணாந்து ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வந்த வலி அது. அம்மா பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்ததால் என்னை அங்கே விட்டிருந்தாள்.

சித்தி கல்யாணத்துக்கு முன்பு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவள். குழந்தைகள் சட்டையில் அச்சடிக்கும் கரடி, பட்டாம்பூச்சி எல்லாம் அவள் கை. கல்யாணமானதும், வேலைக்குப் போனது போதும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் எதையும் கோபமாகச் சொல்கிறவரில்லை, அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. பழைய மேனேஜர் மனமிரங்கி, கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து, படம் ஒழுங்காகத் தெரியும்படி செய்துகொண்டால் வீட்டுக்கே டிசைன் அனுப்புகிறேன் என்றார். சித்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒழுங்காகத் தெரிந்தால்தானே. திருட்டு சாஃப்ட்வேர் இருந்தால் வெளிநாட்டு பையர் ஆர்டர் தரமாட்டான் என்று மேனேஜர் அதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். உள்ளே இருந்த, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டோ கிழடு. செய்த கம்பெனியே அதைக் கைகழுவியிருந்தது. கரடியின் ஒரு காதுதான் திரைக்குள் அடங்கியது, நிறமெல்லாம் சேறு. இந்த மாதிரி கார்டுகளுக்காக ஊர் பேர் தெரியாத யார் யாரோ காசு வாங்காமல் டிரைவர் என்ற, கார்டை ஓட்டும் சாஃப்ட்வேரை எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சித்தி கண்டுபிடித்தாள். வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு நடப்பாள். சிடியில் ஏற்றி வந்து போட்டால் திரை கறுத்துப்போகும். மறுபடி நடை. எனக்கு அலுத்தது, அவளுக்கும் அலுத்திருக்கும். சொல்லமாட்டாள்.

கடைசியில் அந்த ஊர் பேர் தெரியாதவர்களுக்கே எழுதிக் கேட்டாள். எந்த டிரைவர் என்று தெரிய, கார்டில் இருக்கும் சிப்பின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து அந்த எழுத்தைப் பார்க்கப்போவதாகச் சாப்பிடும்போது சித்தப்பாவிடமும் சொன்னாள்.

சித்தப்பாவுக்கு வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் கறை எடுக்கும் வேலை. அச்சடித்த எழுத்தை ஒட்டி எண்ணெய்க் கறை விழுந்த பனியன்களை அவரிடம்தான் கொடுப்பார்களாம். மருந்தடித்தால் கறை போகும், எழுத்தில் ஒரு புள்ளி குறையாது. ஞாயிறு காலை நானும் சித்தியும் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது பெட்டி திறந்து கிடந்தது. அவர் கார்டைக் கையில் வைத்து பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அறையெங்கும் கறை மருந்து வாசம்.

"பூராப் பஞ்சுத் தூசி புள்ள. நல்லாத் தொடச்சுட்டேன், இனிப் படம் வந்துரும் பாரு."

சிப்பின் மேல் ஒரு எழுத்தும் இல்லை. சித்தி அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காய்கறியைக் கொட்டினாள். ஆசையாக உதவி செய்த மனிதரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குச் சித்தி மேல்தான் வருத்தம்.

எழுத்து அழிந்துவிட்டது என்று மறுபடி எழுதினாள். அது இல்லாவிட்டால் பரவாயில்லை, இந்தக் கட்டளையை அடித்தால் கார்டே தன் எண்ணைச் சொல்லும் என்று பதில் வந்தது. சொன்னது. அந்த எண்ணுக்குரிய டிரைவரைத் தேடிப் போட்டு, சித்தப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கரடி இரண்டு காதோடும் முழுசாக வந்து உட்கார்ந்தது. கழுத்து ரிப்பன் நல்ல சிவப்பு. நான் குதித்தேன். சித்தி சிரித்தாள். அப்படியே நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் சித்தி திரையை அணைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சித்தப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து, படம் வந்ததா என்று விசாரித்தார்.

"இன்னும் வரலீங்க," என்றாள் சித்தி.

"உடு புள்ள. இதுக்குப் போயி எதுக்கு ஒடம்பக் கெடுத்துக்கற," என்றார், அவ்வளவு பிரியமாக.

அது ஏதோ விளையாட்டு என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் சட்டென்று காட்டி அவரை அசத்தப்போகிறாள். அதன் பிறகு தினமும் பகலில் மேனேஜர் அனுப்பிய கரடிகளும் வாத்துகளும் வரும், சாயங்காலம் துண்டு விழும். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாள் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த சித்தியிடம், சித்தப்பாவுக்கு எப்போது காட்டுவாய் என்று ரகசியமாகக் கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு," என்றாள்.

இவ்வளவு நல்ல விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டாளே என்று எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போயிற்று.