மார்கழிக் காற்றுக்கு ஒரு தட்டி

கல்யாணம் முடிந்த கையோடு குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு வந்தேன். ரயில் பாதை போட்ட புதிது. கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆடிக்காற்று முக்காட்டைப் பிடுங்கி, வாய் நிறைய வெள்ளைப் பொடியை அடைத்தது. மில்லில் கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்ட பின், மிச்சத்தை மலைபோலக் கொட்டிவைத்திருந்தார்கள். காற்றடிக்கும் காலம் முழுக்க அந்த மாவு எங்கள் சோற்றிலும் இருந்தது, பாயிலும் இருந்தது.

சுரங்கக் கம்பெனி கூலிகளுக்குக் கட்டிய எங்கள் லைனில் வீடுகள் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்தாற்போல நெருக்கமாக நிற்கும். மூங்கில் தட்டிச் சுவர், மேலே புல்லுக் கூரை. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் என் கண் எரியும். அந்த வீட்டுக்காரி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். சுரங்கத்துக்கு மேலே கல் சுமக்கிற வேலை அவளுக்கு. அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்டில் கீழே இறங்குவார்கள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் ஊரில் மழை கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே தூறிக்கொண்டே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த சந்து சேறாகி, எல்லா வீட்டுக் கழிவும் அதில் மிதந்தது. அது வடிவதற்குள் குளிர் வந்துவிட்டது. மேட்டு நிலத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மார்கழி விடியலில் பனி மூடி எதிர் வீடு தெரியாது. தட்டியின் ஓட்டைகள் வழியே காற்று ஊசி மாதிரி இறங்கும்.

ஆனால் பூமிக்குக் கீழே மார்கழியும் கிடையாது, தையும் கிடையாது. அங்கே எப்போதும் வேக்காடுதான். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் விடியற்காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வரும்போது கோவணமும் உடம்பும் வேர்வையில் ஊறியிருக்கும். அந்த ஈரத்தோடு வாடைக்காற்றில் நிற்பார்கள். திருட்டுத் தங்கம் இருக்கிறதா என்று கேட்டில் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வரிசை நகரும்வரை நிற்கத்தான் வேண்டும்.

அக்காவின் புருஷனுக்கு அப்படித்தான் நெஞ்சில் சளி கட்டியது. ஜுரம் வந்தது. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். பொங்கலுக்கு முன்னே போய்விட்டார். கல் பிளக்கிற கை அவருக்கு. தூக்கும்போது எடையே இல்லை என்றார்கள்.

காரியம் முடிந்த வாரமே என் வீட்டுக்காரரும் இருமத் தொடங்கினார். அந்த இருமலை நான் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏற்கெனவே கேட்டிருந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன்: இந்த மனுஷனைக் காற்றுக்குக் கொடுப்பதில்லை.

மறுநாள் விடியலில் கம்பளியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். காவல்காரர் கன்னடத்துக்காரர், பாதித் தமிழில் விரட்டினார்.

"இல்லி, இங்க நிக்கக் கூடாதும்மா. ஹோகு, போ!"

"எங்க ஊட்டுக்காரரு வருவாரு. போத்திக் கூட்டிக்கினு போறேன்."

"உள்ள எதுவும் குடுக்கக் கூடாது. ரூல்."

வெளியே வந்த பிறகு போர்த்தினேன். அதற்குள் அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சத்தம் போட்டார்.

"இன்னாத்துக்கு அங்க வந்து நிக்கிற? ஆளுங்க சிரிக்கிறாங்க பாரு."

"சிரிக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்களா வந்து சோறு போடுவாங்க?"

அவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

கம்பளி மட்டும் போதாது என்று புரிந்துவிட்டது. வரிசை நிற்கிற இடம் திறந்த வெளி. வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு அங்கே ஒரு தடுப்பும் இல்லை. அக்காவிடம் சொன்னேன். புருஷன் போனதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் வீட்டுக்குள் நடுவே மறைப்பாகக் கட்டியிருந்த தட்டியின் கயிற்றை அறுத்தாள்.

"இது அவரு கட்டினது. கம்பெனிது இல்ல. எடுத்துக்கோ."

"நீ எங்க போவ அக்கா?"

"எங்க போவேன்? உங்க ஊட்டுல ஒரு மூலை இல்லியா?"

இருந்தது. அன்றே அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானம் நாங்கள் இருவரும் தட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய், சுரங்க வேலிக்கு வெளிப்புறம், வரிசை நிற்கிற இடத்துக்கு நேராக வைத்துக் கட்டினோம். காவல்காரர் அவிழ்க்கச் சொன்னார். வேலிக்கு வெளியேதானே என்றோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் விடிவதற்குள் காற்றே அதைப் பிய்த்துத் தூர எறிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

இந்த முறை லைனில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் மழையில் விழுந்த தட்டிகளையும் பழஞ்சாக்கையும் கொடுத்தார்கள். கூடவே வந்து கையும் கொடுத்தார்கள். அக்கா கடப்பாரையால் குழி தோண்டினாள். கம்புகளை ஆழமாக நட்டோம். தட்டி மேல் தட்டி வைத்து, சாக்கைப் போர்த்தி, களிமண் அப்பினோம். கைகள் விறைத்துப் போயின. யாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

அது நின்றது. சில நாள் கழித்து நான் போனபோது, தட்டியின் மறைவில் காவல்காரரே குந்தி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில் நானும் அக்காவும் அங்கே இருந்தபோது, கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து நின்றுவிட்டார். தட்டியைச் சாட்டையால் காட்டி ஏதோ கேட்டார். இதோடு போச்சு என்று நினைத்தேன். காவல்காரர் நிமிர்ந்து நின்று சலாம் போட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் கட்டினேன்னு சொன்னேன். வேற யார் கட்டினா பிச்சிப் போடுவாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த வருஷக் குளிருக்கு முன் தச்சர்கள் வந்து அங்கே பலகை அடித்து, தகரக் கூரை போட்டார்கள். அது காவல்காரரின் யோசனை என்றுதான் இன்றுவரை பேச்சு. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. என் வீட்டுக்காரரின் இருமல் முழுதாகப் போகவில்லை. பனிக்காலத்தில் திரும்பி வரும், வெயில் ஏறினால் அடங்கும். ஆனாலும் அவர் பிழைத்தார். எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

அந்த முதல் குளிர் முடிந்து பங்குனி வந்ததுமே கூரைப் புல் காய்ந்து, ஒரு பொறி பட்டால் லைனே எரிந்துபோகும் நிலைக்கு வந்தது. நானும் அக்காவும் மறுபடி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். தீ பிடித்தால் அணைக்க, வாசலுக்கு ஒரு பானைத் தண்ணீர் வைக்கச் சொல்லிக் கேட்டோம். இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை.