வலப்புறத்து ஆள்

இருபத்திரண்டு வருஷமாகப் பெண்கள் சிறையில் அவளுடைய இடம் இடது பக்கம்தான். விசாரணைக்குப் போகும் கைதியின் இடது கையை அவள் பிடிப்பாள். வலது கையைக் கூட்டாளி பிடிப்பாள். இடதக்கா, வலதக்கா என்றே எல்லோரும் அவர்களைக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கைதியை ‘ஃப்ளாங்க்’ செய்து கூட்டிப்போக வேண்டும் என்றது அது. பயிற்சியில் அதிகாரி விளக்கினார்: “சும்மா பக்கத்துல நிக்கிறது இல்லம்மா. ரெண்டு பக்கமும் நிக்கணும். ஒருத்தி நின்னா துணை. ரெண்டு பேர் நின்னாத்தான் காவல்.”

“கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டுப் போற மாதிரின்னு சொல்லுங்க சார்” என்று வலதக்கா வகுப்பையே சிரிக்க வைத்தாள்.

போன மாதம் வலதக்கா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். மாற்று ஆள் திங்கட்கிழமைதான் வருவாள். அதற்குள் வியாழனன்று ஒரு தையல்காரியின் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. அன்று ஆஜராகாவிட்டால் மூன்று மாதம் தள்ளிப்போகும். வெளியே அவளுக்குப் பால்குடி மறக்காத குழந்தை. தனியாகக் கூட்டிப்போய் அவள் ஓடிவிட்டால் இடதக்காவின் வேலை போகும். “உன் பொறுப்பு” என்று கண்காணிப்பாளர் கைகழுவிவிட்டார்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் பட்டப்பகல் வெயில். வலப்புறம் தெருவுக்குத் திறந்த கதவுகள் வரிசையாக இருந்தன. இடதக்கா தன் பிடியை இறுக்கினாள். தையல்காரியோ அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. எதிரே வந்த வக்கீல்கள் மூன்று பேர் போகும் அகலத்துக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“யக்கா, அந்தக்காவக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொல்லுங்க. கை மரத்துப்போச்சு.”

“எந்தக்கா?”

“ஏன்க்கா விளையாடுறீங்க?”

அவளுடைய வலது சட்டைக்கை நான்கு மடிப்பாகக் கசங்கியிருந்தது. அதற்கு அப்பால் இடதக்கா பார்க்கவில்லை. யாராவது இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

ஜாமீன் கிடைத்தது. கையெழுத்தெல்லாம் முடிந்து அங்கேயே விடுவித்தார்கள். வாசலில் தங்கையின் இடுப்பிலிருந்த குழந்தை தாயைக் கண்டு தாவியது. இடதக்கா கையை எடுத்தாள்.

“போம்மா.”

தையல்காரி நகரவில்லை. அவளுடைய வலது தோள் பின்னால் இழுபட்டிருந்தது.

“அவங்க விடமாட்டேங்கிறாங்க” என்றாள் அழுகையோடு.

இடதக்கா முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பினாள். அங்கே வெயில்தான் இருந்தது.

“விடுடி” என்றாள் தாழ்ந்த குரலில். “கோர்ட்டே விட்டாச்சு. புள்ள அழுவுது பாரு.”

பிறகு கசங்கிய துணி மடிப்பு மடிப்பாக விரிந்தது. தையல்காரி ஓட்டமாய் ஓடிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

இடதக்கா வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் கதவைச் சாத்த வந்தார்.

“கொஞ்சம் இருங்க” என்று சொல்லி, அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.