சுவிஸ் மாமியும் சால்வோ கடைக் கன்னோலியும்

இந்த வருடம் நான் செய்த பெரிய கண்டுபிடிப்பு எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு கடை. நாங்கள் இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருக்கிறது. தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். உள்ளே மட்டும் போனதில்லை.

ஏன்? கண்ணாடிக்குப் பின்னால் பன்றித் தொடை தொங்குகிறது. ஒன்றல்ல, வரிசையாக. செவ்வாய், வெள்ளியில் அதைப் பார்ப்பதே பாவம் என்று எதிர் நடைபாதைக்கு மாறிப் போகிற எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். புதனன்று அதே ஆட்கள் சூப்பர்மார்க்கெட்டில் கோழிக்கால் பொறுக்குவார்கள்... அது வேறு கதை.

இந்த முறை போகவேண்டி வந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை பவானி. அவளுடைய மகள் சிந்துவைப் பெண் பார்க்க சுவிஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சுவிஸ் மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் இருக்கிற மரியாதை சுவிஸ் வங்கிக்குக்கூட இருக்காது.

சிந்து இங்கேயே பிறந்தவள். துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கிற வேலை. பையன் கஜன். இருவரும் மாதக்கணக்காக வீடியோவில் கதைத்து, ஆளுக்காள் பிடித்துப்போய், முடிவும் எடுத்துவிட்டார்கள். பெண் பார்ப்பது பையனின் அம்மாவுக்காக மட்டும். அவர் ஓம் என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. பையன் நல்லவன்தான்... ஆனால் அம்மா பிள்ளை.

பவானியின் பயம் வேறு.

"அண்ணி, அவ எங்களை ஊரிலை எந்தப் பக்கம் எண்டு கேப்பா."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாதி என்ன என்று நேரே கேட்பது நாகரிகமில்லை அல்லவா? ஆகவே முதலில் எந்த ஊர் என்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம். பிறகு எந்தக் கோயிலடி. அதற்குள் ஆளை அளந்து முடித்துவிடுவார்கள். பவானியின் கணவர் பக்கம், அந்த அளவுகோலில், அரை அங்குலம் குறைவு.

வடையை மட்டும் வைத்தால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள், ஏதாவது இத்தாலியப் பலகாரமும் வைப்போம் என்று யோசனை சொன்னது நான்தான். அப்படித்தான் அந்தக் கடைக்குள் காலை வைத்தேன்.

இடது பக்கம் தொடைகள், சலாமி இறைச்சி, சீஸ் உருளைகள். வலது பக்கம் கண்ணாடிப் பெட்டியில் இனிப்புகள். நடுவில் கல்லாப்பெட்டி. மனதுக்குள் நானே ஒரு எல்லை போட்டேன் — கல்லாவுக்கு அந்தப் பக்கம் அசைவம், இந்தப் பக்கம் சைவம். கடைக்காரர் சால்வோவுக்கு இப்படி ஒரு எல்லை இருப்பதே தெரியாது, பாவம்.

கன்னோலி இருந்தது. மாவைக் குழலாகச் சுருட்டிப் பொரித்து, உள்ளே இனிப்புப் போட்ட ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியை அடைத்த பலகாரம். "இதில் இறைச்சி இருக்கிறதா? மீன்? முட்டை?" என்று இத்தாலியனில் கேட்டேன்.

"சின்யோரா, இது இனிப்பு," என்றார் சால்வோ, என்னை ஒரு மாதிரிப் பார்த்து. பிறகு நெஞ்சில் கை வைத்து, எதுவும் இல்லை என்றார்.

ஒரு பெட்டி வாங்கினேன். ஒன்றை வழியிலேயே சாப்பிட்டேன். இத்தனை வருடமும் தொங்குகிற தொடைக்குப் பயந்து எதை இழந்திருக்கிறேன் என்று உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, நல்ல நாள். கஜனும் அம்மாவும் ஜெனோவாவிலிருந்து வரும் கப்பலில் காரோடு வந்து இறங்கினார்கள். அந்த அம்மாதான் சுவிஸ் மாமி. அங்கே ஒரு கோயிலின் மகளிர் அணித் தலைவியாம். பவானி வீட்டில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். சொந்தத் தம்ளர்.

"குறை நினையாதேங்கோ. எனக்கு வெளியிலை குடிச்சால் ஒத்துக்கொள்ளாது. இதிலை சுடுதண்ணி மட்டும் தாங்கோ, காணும்."

பவானி விடியவே எழும்பிச் சுட்ட வடை முன்னால் இருந்தது. "பேந்து சாப்பிடுறன் பிள்ளை," என்றார். கை கன்னோலித் தட்டுக்குப் போனது. "இது கடையிலை வாங்கினதுதானே? அப்ப பரவாயில்லை."

கவனித்தீர்களா? பவானியின் கை ஆகாது. சால்வோவின் கை ஆகும். அந்த மனிதர் எந்த ஊர், எந்தப் பக்கம், காலையில் குளித்தாரா — ஒரு கேள்வி இல்லை. வெள்ளைக்காரன் கையில் மட்டும் எங்களுக்குத் தீட்டே கிடையாது. எனக்கு எரிச்சல் தொண்டை வரைக்கும் வந்தது. சிந்துவுக்காக விழுங்கினேன்.

மாமி இரண்டாவதையும் முடித்தார். "என்ன பதம் பாருங்கோ... சுத்தமான பால் பலகாரம். சைவத்தின்ரை அருமையே இதுதான்." மூன்றாவதை எடுத்தார்.

அப்போதுதான் சிந்து தேநீரோடு வந்தாள். வேலையிலிருந்து ஓடிவந்து சேலை மாற்றியவள். மேசையில் என்ன வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தட்டைப் பார்த்தாள். மாமியின் வாயைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரிப் போனது. வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளை நல்ல வடிவு," என்ற மாமி, பவானியின் கணவர் பக்கம் திரும்பினார். "அது சரி தம்பி, நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?"

பவானியின் முகத்தில் இரத்தமில்லை. அவள் கணவருக்குப் பொய் சொல்ல வராது. மனிதர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தே விட்டார்.

"அன்ரி, அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும்," என்றாள் சிந்து. "நீங்கள் சாப்பிடுறது பன்றிக் கொழுப்பிலை பொரிச்சது. மாவுக்குள்ளையும் அதைத்தான் போடுறவை. கொஞ்சம் வைனும்."

கோபமில்லை, கிண்டலில்லை. கப்பல் எத்தனை மணிக்கு என்று சொல்கிற அதே குரல். "இஞ்சை சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். மேசையிலை இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் முதலே சொல்லியிருப்பன்."

இறைச்சி, மீன், முட்டை எல்லாம் கேட்ட நான், எதில் பொரித்தீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் யார் கேட்பார்கள்? பொரிப்பது என்றால் எண்ணெய். அதற்கு மேல் எங்கள் கற்பனை போகாது. பிள்ளையின் கல்யாணத்தை நானே குழப்பிவிட்டேன் என்று அழுகை வந்தது.

மாமிக்கு வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினார். கஜன் எட்டி ஒரு கன்னோலியை எடுத்துக் கடித்தான், அம்மாவைப் பார்த்துக்கொண்டே. அம்மா பிள்ளை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

"இது வெளியிலை போகக்கூடாது," என்றார் மாமி. குரலே எழும்பவில்லை. "கோயிலிலை தெரிஞ்சால் என்னைத் தலைவியா வைச்சிருக்க மாட்டினம்."

"போகாது அன்ரி. நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்," என்றாள் சிந்து. "அப்பா எந்தப் பக்கம் எண்டு நீங்களும் ஒருத்தரையும் கேக்கவேண்டாம்."

மாமி கன்னோலித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் சும்மா ஒரு கதைக்குத்தானே பிள்ளை கேட்டனான்," என்றார். பிறகு கையை நீட்டி ஒரு வடையை எடுத்தார். பவானி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

புறப்படும்போது மாமி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார். நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், என் கையை மட்டும் விடவேயில்லை. கல்யாணம் முடியும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தேன்.

போன ஞாயிறு தாலி ஏறியது.